சேற்றுக்கும் மழைக்கும் தாங்குகிற மடக்குக் கத்தி: டெல்டாக்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

மடக்குக் கத்தி வாங்கும்போது எல்லோரும் முதலில் பிளேடைத்தான் பார்க்கிறார்கள். எவ்வளவு நீளம், முனை எப்படி இருக்கிறது, கறுப்பு கலர் பூச்சு இருக்கிறதா என்று. நம் பக்கத்தில் கத்தியைக் கெடுப்பது பெரும்பாலும் மூட்டுதான். வண்டல் சேறு உள்ளே போய் உட்காரும், வாழைக்கறை காய்ந்து ஒட்டிக்கொள்ளும், நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் என்றால் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். அதனால் இங்கே நான் மூட்டையும் லாக்கையும் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன், மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

"டாக்டிகல்" என்ற பெயரைப் பார்த்து மிரளவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம். ஒரு கையால் திறக்கலாம், திறந்ததும் லாக் விழுந்து நிற்கும், பாக்கெட்டில் மாட்டிக்கொள்ள கிளிப் இருக்கும், அவ்வளவுதான். அமெரிக்காவில் பக் நிறுவனத்தின் 110 மாடல் 1964-ல் வந்து லாக் உள்ள மடக்குக் கத்தியைப் பிரபலமாக்கியது. 1981-ல் ஸ்பைடர்கோ, பிளேடில் கட்டைவிரல் வைத்துத் திறக்க ஒரு வட்ட ஓட்டையும் பிடியில் கிளிப்பும் வைத்தது. அதே 80-களில் மைக்கேல் வாக்கர் என்ற கத்தி செய்பவர் லைனர் லாக்கை இன்று நாம் பார்க்கிற வடிவத்துக்குக் கொண்டுவந்தார். இந்த மூன்றையும் சேர்த்து, ராணுவம் போலீஸ் என்ற பேச்சோடு, 90-களில் "டாக்டிகல்" என்று விற்க ஆரம்பித்தார்கள். நமக்கு அந்த மூன்றும் வேண்டியது வேறு காரணத்துக்கு: வயலிலோ கொல்லையிலோ ஒரு கை எப்போதும் எதையாவது பிடித்துக்கொண்டிருக்கும், அதை விட்டுவிட்டு இரண்டு கையாலும் நகம் வைத்துத் திறக்கிற பேனாக்கத்தி அந்த நேரத்துக்கு உதவாது. சண்டைக்கு என்று தேடுகிறவர்களுக்கு இதில் ஒன்றும் இல்லை.

முதலில், எதை வெட்டப் போகிறீர்கள்

உட்கார்ந்து ஒரு வாரம் என்னென்ன அறுக்கிறீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். யூரியா மூட்டையின் தையல் நூல், சாக்குச் சணல், நைலான் கயிறு, சொட்டுநீர்க் குழாய், மோட்டார் ஓஸ், வாழைநார், கொடிக்காலில் வெற்றிலைக்கொடி கட்டுகிற கட்டு, பார்சல் அட்டைப்பெட்டி, பால் பாக்கெட், மாங்காய். இதில் எதற்கும் கனமான பிளேடு தேவையில்லை. நீளம் 7-லிருந்து 9 சென்டிமீட்டர் போதும், முதுகுக் கனம் 2.5-லிருந்து 3 மில்லிமீட்டர். டாக்டிகல் என்று விற்பதில் நிறைய 3.5, 4 மில்லிமீட்டர் கனத்தில் வரும், பார்க்க உறுதியாகத் தெரியும், மாங்காயில் வைத்து அழுத்தினால் அறுக்காமல் பிளந்துகொண்டு போகும்.

இளநீர், நுங்கு, விறகு, எலும்பு, மட்டை இதெல்லாம் அரிவாள் வேலை. அதை மடக்குக் கத்தியிடம் கேட்கக் கூடாது. கத்தி முதுகில் கட்டையால் தட்டிப் பிளக்கிற வீடியோக்கள் நிறைய இருக்கின்றன, அந்த அடி அத்தனையும் மூட்டில் இருக்கிற ஒரே ஒரு ஆணிதான் வாங்குகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முனை வடிவத்தில் என் கட்சி தெளிவானது. பொதுவான வேலைக்கு முதுகு மெதுவாக இறங்கி முனையில் சேரும் வடிவம், அதாவது டிராப் பாயின்ட். மாடு கன்று வைத்திருப்பவர்கள் ஆட்டுக்குளம்பு வடிவத்தை, ஷீப்ஸ்ஃபுட் என்று போட்டிருப்பார்கள், அதை யோசியுங்கள். அதில் கூர் நேர்கோடாக இருக்கும், முதுகு வளைந்து வந்து முனையை மழுக்கிவிடும். கன்றுக்குட்டி கயிற்றைச் சுற்றிக்கொண்டு துடிக்கிறது என்று வையுங்கள். இடது கை விரல் இரண்டைக் கயிற்றுக்கும் கழுத்துக்கும் நடுவில் விட்டு, பிளேடைப் படுக்கையாக நுழைத்து, கூர் வெளிப்பக்கம் பார்க்கும்படி திருப்பி, பிடியை ஒட்டின அடிப்பக்கக் கூரால் உங்கள் பக்கம் இழுக்காமல் வெளியே அறுக்க வேண்டும். அது ஒரு உதறு உதறினால்கூட மழுங்கிய முனை தோலைக் கீறுமே தவிரக் குத்தாது. ஈட்டி மாதிரி முனை வைத்த கத்தியோடு அந்த வேலைக்குப் போவதை நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.

பல்லு வைத்த கூர் நைலான் கயிற்றுக்கு நன்றாகப் போகும், கருக்கரிவாள் நெல்தாளை அறுக்கிற அதே காரணம்தான். ஆனால் வீட்டுக் கல்லில் தீட்ட முடியாது. சாதாக் கூரையே வாங்குங்கள்.

லாக்கைச் சோதிப்பது எப்படி

இங்கேதான் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும். லைனர் லாக் என்பது பிடிக்குள் இருக்கிற ஒரு மெல்லிய தகடு. பிளேடு முழுசாகத் திறந்ததும் அது ஸ்பிரிங் போல உள்பக்கம் வந்து பிளேடின் அடிக்கட்டைக்குப் பின்னால் முட்டுக்கொடுக்கும். பிடியின் ஒரு பக்கமே அந்தத் தகடாக இருந்தால் ஃபிரேம் லாக். பிடியின் முதுகில் ஒரு கட்டையை அழுத்தி லாக்கை விடுவித்து மடக்குவது பேக் லாக். பிடிக்குக் குறுக்கே ஒரு சின்னக் கம்பி ஓடி, அதைப் பின்னால் இழுத்தால் விடுவிக்கிறது என்றால் கிராஸ்பார் லாக், 1998-ல் பெஞ்ச்மேட் கொண்டுவந்தது, இப்போது பல நிறுவனங்கள் செய்கின்றன.

லைனர் லாக் என்றால் கத்தியைத் திறந்து, பிளேடு மடங்கி உள்ளே போகிற இடுக்குப் பக்கத்திலிருந்து வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தகடு பிளேடின் அடிக்கட்டையில் எவ்வளவு தூரம் ஏறி நிற்கிறது? கால் பங்கிலிருந்து பாதி வரை இருந்தால் நல்லது. ஓரத்தில் மட்டும் தொட்டுக்கொண்டிருந்தால் நழுவும், புதுசிலேயே மறுபக்கம் வரை போய்விட்டதென்றால் தேய்மானத்துக்கு இடமே இல்லை. அடுத்து, பிளேடை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள், பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டு ஆட்டம் ஸ்க்ரூவை முடுக்கினால் போய்விடும். மேல் கீழ் ஆட்டம் லாக்கின் குறை, திருப்பி அனுப்பிவிடுங்கள். அப்புறம் கூர் உங்களைப் பார்க்காதபடி, விரல்களெல்லாம் பிளேடு மடங்குகிற வழியை விட்டு விலகியிருக்க, பிளேடு முதுகை ஒரு மரப்பலகையில் வைத்து நிதானமாக அழுத்துங்கள். லாக் அசையக் கூடாது. ஓங்கி அடித்துச் சோதிப்பது வேண்டாம், அது நல்ல லாக்கையும் கெடுக்கும்.

கடைசியாக, மடக்கின கத்தியைத் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். பிளேடு வெளியே வரக் கூடாது. லைனர், ஃபிரேம் லாக்கில் மடங்கின நிலையில் பிளேடைப் பிடித்து வைக்கிற ஒரு சின்னக் குண்டு உள்ளே இருக்கும், அது தளர்வாக இருந்தால் பாக்கெட்டுக்குள்ளேயே திறந்துகொள்ளும்.

இதில் நம் ஊர் விஷயம் என்னவென்றால், தகடு வந்து உட்கார்கிற அந்த இடத்தில் ஒரு சின்ன மண்பருக்கை மாட்டினாலும் லாக் அரைகுறையாகத்தான் விழும். கண்ணுக்குத் திறந்த மாதிரிதான் தெரியும். வரப்பில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள் ஒவ்வொரு முறை திறந்ததும் தகடு ஏறியிருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வெட்டுவது பழக்கமாகிவிட வேண்டும், இதற்கு ஒரு வினாடிகூட ஆகாது. பேக் லாக்கில் அந்தக் குழிக்குள் சேறு இறுகிவிட்டால் குச்சி வைத்து நோண்டாமல் வராது. சேற்று வேலைக்கு எனக்குப் பிடித்தது கிராஸ்பார். அதில் மண் ஒதுங்க வழி இருக்கிறது, மடக்கும்போது விரலும் பிளேடின் பாதையில் வராது. உள்ளே இருக்கிற கம்பி ஸ்பிரிங்குகள் மெல்லியவை, அது ஒன்றுதான் குறை.

ஃபிரான்ஸின் ஒபினெல் கத்தியைப் பலர் விரும்புகிறார்கள், 1890-லிருந்து வருகிற மரப்பிடிக் கத்தி, வளையத்தைத் திருப்பிப் பூட்டுகிற லாக் 1955-ல் சேர்ந்தது. அருமையாக அறுக்கும். ஆனால் ஐப்பசி கார்த்திகை மழையில் மரம் ஊறிப் பெருத்துவிட்டால் பிளேடு பிடிக்குள் இறுகிக்கொண்டு திறக்கவே வராது. வீட்டு உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

வாஷரா, பேரிங்கா

பிளேடு சுழல்கிற ஆணியைச் சுற்றி இரண்டு பக்கமும் ஏதாவது ஒன்று இருக்கும், பித்தளை நிறத்தில் வெண்கல வாஷர், அல்லது சின்னச் சின்னக் குண்டுகள் வைத்த பேரிங். கடையில் பேரிங் கத்தியைத் தட்டினால் சர்ரென்று பறந்து திறக்கும், எல்லோரும் அங்கேயே மயங்கிவிடுகிறார்கள். காவிரி கொண்டுவந்து போடுகிற வண்டல் மாவு மாதிரி நைசானது, அது அந்தக் குண்டுகளுக்கு நடுவில் போனால் கரகரவென்று சத்தம் வந்து நாளடைவில் தகட்டில் பள்ளம் விழும். வாஷர் கொஞ்சம் மெதுவாகத் திறக்கும், ஆனால் தட்டையான பரப்பு என்பதால் மண் உள்ளே புக இடம் குறைவு. டெல்டாவில் வாஷர்தான். கூடவே பிடியின் முதுகுப்பக்கம் அடைத்திருக்காமல், நடுவில் கம்பி மட்டும் வைத்துத் திறந்த அமைப்பாக இருக்கிறதா என்றும் பாருங்கள், குழாயடியில் காட்டினால் தண்ணீர் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வர வேண்டும்.

இரும்பு

வாழைக்கறையும் புளியும் மாங்காய்ப் பாலும் கார்பன் இரும்பைச் சில மணி நேரத்திலேயே கறுப்பாக்கிவிடும். அதனால் துருப்பிடிக்காத வகைதான் நமக்கு. 14சி28என், 420எச்சி, 440சி, 8சிஆர்13எம்ஓவி ஆகிய இரும்பு வகைகள் நியாயமான விலைக் கத்திகளில் கிடைப்பவை. டி2 என்ற இரும்பு கூர் நன்றாக நிற்கும், அதில் 12 சதவீதம் அளவுக்குக் குரோமியமும் உண்டு. ஆனால் அதில் கார்பன் 1.5 சதவீதம், குரோமியத்தில் ஒரு பெரும்பங்கை அந்தக் கார்பன் இழுத்துக்கொள்வதால் துருவைத் தடுக்க மிச்சம் இருப்பது குறைவுதான். தஞ்சாவூர், மன்னார்குடியில் துடைத்து வைத்தால் சமாளிக்கலாம், கடற்கரை ஊர்களில் மழைக்காலத்தில் புள்ளி புள்ளியாக வரும். 14சி28என் கடற்கரைக்கும் தாங்கும். கடினம் ராக்வெல் சி அளவில் 57-லிருந்து 60-க்குள் இருந்தால் வீட்டிலேயே தீட்டவும் முடியும், கூரும் நிற்கும்.

பிடியும் கிளிப்பும்

ஈரக்கையில் வழுக்காத பிடி வேண்டும். கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்த ஜி10, கண்ணாடி இழை கலந்த நைலான் இரண்டும் சேற்றுக்கையிலும் பிடிப்பாக இருக்கும். வழவழப்பான அலுமினியம், பளபளப்பாகத் தேய்த்த மரம் வேண்டாம். பிடி முடிந்து பிளேடு தொடங்குகிற இடத்தில் ஆள்காட்டி விரல் முன்னால் சரியாதபடி ஒரு தடுப்பு அவசியம்.

கிளிப் பேண்டுக்காகச் செய்தது. வேட்டி, கைலி கட்டுகிறவர்கள் இடுப்பு மடிப்பில் செருகிக்கொள்ளவே கூடாது, குனிந்தால் விழும், விழாவிட்டால் வயிற்றில் அழுத்தும். சட்டைப் பாக்கெட்டில் வைத்தால் வாய்க்காலில் மடை திறக்கக் குனிகிற அன்றைக்குக் கத்தி தண்ணீருக்குள்தான். வேட்டிக்கு மேல் கட்டுகிற பச்சை பெல்ட் இருக்கிறதே, பர்ஸ் வைத்தது, அதன் பட்டையில் கிளிப்பை மாட்டினால் அசையாமல் நிற்கும். அரைக்கால் சட்டை பாக்கெட்டும் சரி. பிடியின் கடைசியில் இருக்கிற ஓட்டையில் சிவப்பிலோ ஆரஞ்சிலோ ஒரு சாண் கயிறு கட்டிவிடுங்கள். கறுப்புப் பிடி களிமண்ணில் விழுந்தால் கண்ணுக்கே தெரியாது.

சட்டம்

2016 ஆயுத விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள பிளேடு வைத்த கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன, வீட்டு, விவசாய, தொழில் உபயோகத்துக்கென்று செய்தவை நீங்கலாக. நாம் பேசுகிற 8 சென்டிமீட்டர் கத்தி அந்த அளவுக்குப் பக்கத்திலேயே வராது. ஆனாலும் அளவு மட்டும் கணக்கில்லை, எங்கே எதற்காகக் கையில் வைத்திருந்தீர்கள் என்பதும் கேட்கப்படும். திருவிழாக் கூட்டம், கட்சிக் கூட்டம், கோர்ட், கலெக்டர் ஆபீஸ் இங்கெல்லாம் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். திருச்சி விமான நிலையத்தில் கைப்பையில் இருந்தால் எடுத்துவிடுவார்கள், செக்-இன் பெட்டியில்தான் போட வேண்டும். பட்டனை அழுத்தினால் தானாகப் பாய்கிற கத்தியை வாங்காதீர்கள். டில்லியில் இந்த வகைக்கென்றே 1980-ல் தனி அறிவிக்கை போட்டார்கள். போலீஸ் எங்கேயும் அதைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும், தவிர அந்த ஸ்பிரிங் சேற்றில் முதலில் நின்றுபோகும்.

தினசரி வேலை

திறக்கும்போது கட்டைவிரலை நீட்டித் தள்ளி, லாக் விழுகிற "டக்" கேட்ட பிறகு ஒரு பார்வை, அப்புறம் வேலை.

யூரியா மூட்டையைக் குறுக்கே கிழிக்காதீர்கள், பை வீணாகும், உரமும் சிந்தும். அந்தத் தையல் சங்கிலித் தையல். ஒரு ஓரத்திலிருந்து இழுத்தால் மொத்தமும் சரசரவென்று பிரியும், மறு ஓரத்திலிருந்து இழுத்தால் இறுகும். ஓரத்தில் தொங்குகிற நூலில் ஒரே ஒரு கண்ணியை மட்டும் கத்தி நுனியால் அறுத்து, இரண்டு நூலில் ஒன்றை இழுத்துப் பாருங்கள். பிரியவில்லையென்றால் மற்ற ஓரம். பழகிவிட்டால் பை முழுசாக மிஞ்சும், நூலும் கொடி கட்ட ஆகும்.

நைலான் கயிற்றைத் தரையில் வைத்து அழுத்தி வெட்டினால் கூர் மண்ணில் இடித்து மழுங்கும். கயிற்றை ஒரு வளையமாக மடக்கி, பிளேடை வளையத்துக்குள் விட்டு, உடம்புக்கு வெளிப்பக்கமாக ஒரே இழுப்பு. முனையை லைட்டரில் காட்டி உருக்கிவிடுங்கள். சொட்டுநீர்க் குழாயைச் சாய்வாக வெட்டினால் இணைப்பில் ஒழுகும், குழாயைச் சுழற்றிக்கொண்டே நேராக அறுக்க வேண்டும்.

நெம்புவது, ஸ்க்ரூ திருகுவது, பெயின்ட் டப்பா மூடி திறப்பது எதற்கும் கத்தி கூடாது. முனை உடைவது ஒரு பக்கம், நெம்புகிற ஒவ்வொரு முறையும் மூட்டு தளர்கிறது.

லைனர் லாக்கை மடக்குகிற விதத்தையும் சரியாகப் பழகிக்கொள்ளுங்கள், கைவெட்டு அதிகம் நடப்பது இங்கேதான். கட்டைவிரலால் தகட்டை ஒதுக்கி, ஆள்காட்டி விரலால் பிளேடு முதுகைத் தள்ளி ஒரு கால்வாசி மட்டும் மடக்குங்கள். அதோடு நிறுத்தி, கட்டைவிரலை வெளியே எடுத்துவிட்டு, மீதியை மடக்குங்கள். யாருக்காவது கொடுக்கும்போது மடக்கித்தான் கொடுக்க வேண்டும், கேட்பது அப்பாவாக இருந்தாலும் சரி.

சுத்தம்

சேற்றில் பட்ட அன்றைக்கே கழுவுங்கள், காய்ந்தால் இரண்டு மடங்கு வேலை. பிளேடைத் திறந்து, பிடிக்குள் தண்ணீர் பாயும்படி குழாயடியில் பிடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் மூட்டைச் சுற்றித் தேய்த்துக்கொண்டே நாலைந்து முறை திறந்து மடக்குங்கள். தண்ணீர் தெளிந்து வரும் வரை விடக் கூடாது. உதறி, துணியால் துடைத்து, திறந்தபடியே நிழலில் காற்றாட வையுங்கள். வாழைக்கறை இருந்தால் கொஞ்சம் சமையல் எண்ணெய் தடவித் துடைத்தால் இளகும், பிறகு சோப்பு போட்டுக் கழுவிவிடலாம்.

மூட்டில் ஒரு சொட்டு எண்ணெய், ஒரே ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம். மார்கழிக் காலையில் பாட்டிலுக்குள் உறைந்து நிற்கிறதே, 24 டிகிரிக்குக் கீழே போனால் மூட்டுக்குள்ளும் அப்படித்தான் நிற்கும். நல்லெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து மண்ணைச் சேர்க்கும். தையல் மெஷின் எண்ணெய் போதும், பழம் காய் நறுக்குகிற கத்தியென்றால் மருந்துக்கடையில் கிடைக்கிற லிக்விட் பாரஃபின்.

கழுவியும் கரகரப்பு போகவில்லையென்றால் கழற்ற வேண்டியதுதான். நட்சத்திரத் தலை ஸ்க்ரூ, டார்க்ஸ் 6, 8 நம்பர் திருகி வேண்டும். ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தில் வைத்துக் கழற்றினால் ஸ்க்ரூ உருண்டு போகாது, ஒவ்வொன்றாக எடுக்கும்போதே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாஷரை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைத்து, எண்ணெய் தொட்டு மாட்டி, மூட்டு ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். பக்கவாட்டு ஆட்டம் நிற்க வேண்டும், பிளேடும் தாராளமாகச் சுழல வேண்டும், இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடம் இருக்கிறது, அதைப் பிடிக்கத்தான் பொறுமை. முடித்ததும் மேலே சொன்ன லாக் சோதனைகளை மறுபடி செய்யாமல் பாக்கெட்டில் போடாதீர்கள்.

தீட்டுவது

சைக்கிள் சாணை வைத்து வருகிறவர்கள் அரிவாளுக்கும் அரிவாள்மனைக்கும் நல்ல வேலை செய்வார்கள். மடக்குக் கத்தியின் மெல்லிய கூர் அந்தச் சக்கரத்தில் தண்ணீர் இல்லாமல் பட்டால் சூடேறி நீலம் பாயும், அந்த இடம் இளகிவிடும், பிறகு எத்தனை தீட்டினாலும் கூர் நிற்காது. ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 என்று பருக்கை எண் போட்டு வருகிற (எண் கூடினால் கல் நைசு) இரட்டைக் கல் வாங்கி ஈரத்துணி மேல் வைத்துக்கொள்ளுங்கள், வழுக்காது.

கோணம் ஒரு பக்கத்துக்கு 20 டிகிரி. அளக்கக் கருவி வேண்டாம்: பிளேடின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கினால் அதுதான் 20 டிகிரி. 25 மில்லிமீட்டர் அகலம் என்றால் எட்டரை மில்லிமீட்டர் உயரம். தண்ணீர் தெளித்து, 400 பக்கத்தில் கூரை முன்னால் தள்ளி, அடியிலிருந்து நுனி வரை ஒரே கோணத்தில் கொண்டுபோங்கள். ஒரு பக்கமே தேய்த்துக்கொண்டிருந்தால் மறுபக்கம் கூர் ஓரத்தில் பிசிறு எழும். விரலைக் கூரின் நீளத்தில் ஓட்டாமல், முதுகிலிருந்து கூரைத் தாண்டி வெளியே தடவினால் நகத்தில் மாட்டுவது தெரியும். பிசிறு அடியிலிருந்து நுனி வரை எழுந்தால்தான் அந்தப் பக்கம் முடிந்தது, பாதியில் பக்கம் மாற்றுவதால்தான் பலருக்குக் கூர் வருவதில்லை. மறுபக்கமும் அப்படியே. பிறகு 1000-ல் அழுத்தம் குறைத்து, பக்கம் மாற்றி மாற்றி. கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உள்பக்கத்தில் கூரைப் பின்னால் வைத்து இழுத்தால் மிச்சப் பிசிறும் போகும். தக்காளித் தோலில் அழுத்தாமல் வைத்து இழுங்கள், வழுக்காமல் இறங்கினால் போதும்.

மழைக்காலத்தில் தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். எண்ணெய் தொட்ட துணியில் பிளேடைத் துடைத்து, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில், காற்றுப் படுகிற இடத்தில் வையுங்கள். வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள். பிளேடை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிட வேண்டாம். கிளிப் ஸ்க்ரூவின் தலையிலும் லைனர் தகட்டின் உள்பக்கத்திலும்தான் துரு முதலில் தெரியும். புள்ளியாக இருக்கும்போதே எண்ணெயும் பழைய நியூஸ்பேப்பரும் வைத்துத் தேய்த்தால் போய்விடும்.